பசேட்டன் காட்டுல 187 மரம் தாண்டுன ஒரு நாள்: திரும்பி வந்தது சரிதானா?

பைன்ஊசி | ஜூலை 15, இரவு 9:40

சியாட்டில்ல இருந்து நாங்க மூணு பேர், நான், வீட்டுக்காரர், அவரோட ஆபீஸ் ஃப்ரெண்ட், போன வாரம் பசேட்டன் வில்டர்னஸுக்கு (வாஷிங்டன் மாநிலத்துல கனடா எல்லையோரம் இருக்குற பாதுகாக்கப்பட்ட காடு) பேக்பேக்கிங் போனோம். தர்ட்டிமைல் ட்ரெயில்ஹெட்ல ஆரம்பிச்சு சீவக் ஆத்தோரமாவே மேல போய் ரெம்மல் ஏரியில தங்கி, அங்கிருந்து கத்தீட்ரல் பாஸ்ங்கிற மலைக் கணவாயைப் பாத்துட்டு வரணும்னு நாலு நாள் பிளான். ஏரி வரைக்கும் பதினாலு மைல் கிட்ட வரும், ஏத்தமும் பெருசா இல்ல, முதல் நாளே பாதிக்கு மேல போயிடலாம்னு கணக்கு. நாலே கால் மைல்ல திரும்பிட்டோம்.

அங்க போனவங்களுக்குத் தெரியும், விந்த்ராப் ஊர்ல இருந்து சீவக் ரோட்டுல கடைசி வரைக்கும் போகணும், ட்ரெயில்ஹெட்டுக்கு கொஞ்சம் முன்னாடி 2001 ஜூலை 10ல தர்ட்டிமைல் தீயில செத்துப்போன நாலு ஃபயர்ஃபைட்டர்களுக்கு நினைவிடம் இருக்கு. இறங்கி நின்னோம். நாங்க போனதும் அதே ஜூலை, அதே மாதிரி வெயில். அதுக்கப்புறம் யாரும் ரொம்ப நேரம் பேசல.

காலைல ஏழரைக்கு நடக்க ஆரம்பிச்சோம். முதல் ஒன்றரை மைல் ரோடு மாதிரி இருந்துச்சு, 8:10க்கே முடிச்சிட்டோம். அப்புறம் எரிஞ்ச காடு. நிக்கிற மரம் எல்லாம் வெள்ளி நிறத்துல பட்டை உரிஞ்சு மொட்டையா கம்பம் மாதிரி, கீழ கிடக்குறது தீப்பெட்டியக் கவுத்துக் கொட்டுன மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு. எல்லாம் லாட்ஜ்போல் பைன், ஒவ்வொண்ணும் ஒரு தவலை அகலம்தான் இருக்கும், தனியாப் பாத்தா ஒண்ணுமே இல்ல, தாண்டிட்டுப் போயிடலாம். ஆனா அது தனியா கிடக்கல. இடுப்பு உயரத்துல ஒண்ணு, அதுக்கு அந்தப்பக்கம் கால் வைக்க வேண்டிய இடத்துல இன்னொண்ணு, அது மேல குறுக்கால மூணாவது, எல்லாத்துலயும் ஒடிஞ்ச கிளையோட மிச்சம் ஈட்டி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. முதுகுல 14 கிலோ. கீழ குனிஞ்சு போனா பேக் மாட்டுது, மேல ஏறுனா பட்டை கழண்டு வழுக்குது.

இருபதாவது மரத்துலதான் எண்ண ஆரம்பிக்கலாம்னு தோணுச்சு. நிழல்னு ஒண்ணு கிடையாது, ஆறு பக்கத்துல இருக்குறதால தண்ணிக்கு மட்டும் கஷ்டம் இல்ல. குதிரை ஈ கடிச்சா தட்டக்கூட ஒரு கை ஃப்ரீயா இல்ல. கை, மூஞ்சி, சட்டை எல்லாம் கரி. பன்னண்டு மணி வாக்குல ஃப்ரெண்டு ஒரு மரத்துல குதிரை ஏறுற மாதிரி காலைத் தூக்கிப் போட்டப்ப ஒடிஞ்ச கிளை ஒண்ணு பேண்டைக் கிழிச்சு தொடையில நாலு விரக்கடை நீளத்துக்குக் கீறிடுச்சு. ஆழமில்ல, கழுவிக் கட்டுப்போட்டோம். ஆனா அந்த இடத்துல அதே கிளை இன்னும் ஒரு ஜாண் மேல குத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்னு மூணு பேருமே நினைச்சோம், யாரும் வாய் விட்டுச் சொல்லல.

மதியம் ரெண்டு மணிக்கு காத்து வந்துச்சு. பள்ளத்தாக்குல மத்தியானம் காத்து கிளம்புறது வழக்கம்தான், ஆனா செத்த மரங்களுக்கு நடுவுல நின்னு கேட்டதில்ல. மரம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசி முனகுது. எங்களுக்கு இடதுகைப் பக்கம், ஒரு நூறு அடி இருக்கும், 'மொறுக்'னு ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமே இல்லாம ஒரு நொடி, அப்புறம் கால்ல தரை அதிர்ந்துச்சு. ஒரு முழு மரம். அதைத் தள்ளுற அளவுக்குக் காத்துகூட அடிக்கல.

அப்ப மணி 2:10, எண்ணிக்கை 187. ஆறு மணி நேரத்துல ரெண்டே முக்கால் மைல். அங்கயே முடிவு பண்ணித் திரும்பினோம். திரும்புறதுன்னா அதே 187ஐ மறுபடி தாண்டணும்ங்கிறது திரும்புன அப்புறம்தான் உறைச்சது. எரிஞ்ச காட்டுக்குள்ள டென்ட் போடக்கூடாதுன்னு வர்ற வழியில பாத்து வச்சிருந்த ஆத்து மணல்திட்டு வரைக்கும் வந்து, மேல எந்த மரமும் எட்டாத இடமாப் பாத்து ராத்திரி தங்குனோம். மறுநாள் காத்து கிளம்புறதுக்கு முன்னாடி அஞ்சரைக்கே நடந்து ஒன்பதே முக்காலுக்குக் கார்கிட்ட வந்துட்டோம்.

ஜூன்ல போன ஒருத்தர் "ட்ரெயில் கிளியர்"னு எழுதியிருந்ததை நம்பித்தான் போனோம். அவர் பொய் சொன்னார்னு சொல்ல வரல. ஒரு மாசத்துல எப்படி இவ்வளவு? இன்னொண்ணு, திரும்புனது சரிதானான்னு இன்னும் மனசு அடிச்சிக்குது, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

கூடாரம் | ஜூலை 15, இரவு 10:25

படிக்கவே பதறுதுங்க. ஃப்ரெண்டுக்கு டெட்டனஸ் ஊசி போட்டாச்சா? எனக்கு ஒரு சந்தேகம், இவ்வளவு மரம் கிடக்குதுன்னா ஃபாரஸ்ட் ஆளுங்க நாலு பேரு செயின்சாவோட போனா ரெண்டு நாள்ல முடிச்சிரலாமே, ஏன் விட்டு வச்சிருக்காங்க?

---

ரம்பக்காரன் | ஜூலை 16, காலை 6:50

செயின்சா அங்க கொண்டு போகக்கூடாதுங்க. 1964 வில்டர்னஸ் சட்டப்படி இந்த மாதிரி அறிவிச்ச காட்டுக்குள்ள மோட்டார் வச்ச எதுவும் ஓடக்கூடாது, செயின்சா மட்டும் இல்ல, சைக்கிள் கூடாது, ஒத்தச் சக்கர தள்ளுவண்டிகூட கூடாது. பசேட்டன் 1968ல அந்தப் பட்டியல்ல வந்துச்சு, அஞ்சு லட்சம் ஏக்கருக்கு மேல. நிர்வாகத்துக்கு வேற வழியே இல்லன்னு எழுத்துல காட்டுனா விதிவிலக்கு உண்டு, ஆனா சாதாரணமா ட்ரெயில் கிளியர் பண்ண அதைக் கொடுக்கிறதில்ல. அதனால எல்லாமே ரெண்டு ஆள் இழுக்குற கிராஸ்கட் ரம்பம்தான். நான் ஆறு வருஷமா சீசனுக்கு ரெண்டு தடவை இந்த வேலைக்குத் தன்னார்வமா போறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஏன் ஒரு மாசத்துல இவ்வளவுன்னு கேட்டீங்க. லாட்ஜ்போல் பைனுக்குப் பட்டை ரொம்ப மெல்லிசு, தீ வந்தா நின்ன இடத்துலயே செத்துரும், ஆனா விழாது. வேர் மண்ணுக்குள்ள மெதுவா மக்கும், சில வருஷம் கழிச்சுத்தான் விழ ஆரம்பிக்கும், ஆரம்பிச்சா பத்து இருபது வருஷத்துக்கு விட்டு விட்டு விழும். அந்தப் பக்கம் 2001ல தர்ட்டிமைல் தீ, 2006ல ட்ரைபாட் தீ ஒண்ணே முக்கால் லட்சம் ஏக்கர், 2017ல டயமண்ட் க்ரீக் தீ. ஒவ்வொரு தீக்கும் ஒரு விழுற காலம், ஒண்ணு முடியிறதுக்குள்ள அடுத்தது ஆரம்பிக்குது. ஜூன்ல ஒரு குழு அறுத்துட்டு வெளிய வந்த மறுநாளே பெருங்காத்து அடிச்சா ஜூலைல நீங்க பாத்ததுதான் இருக்கும். "கிளியர்"ங்கிறது எழுதுன அன்னைக்கு மட்டும் உண்மை. எரிஞ்ச காடா இருந்தா ரிப்போர்ட் தேதிக்கு அப்புறம் காத்து அடிச்சுதான்னு பாருங்க, நான் அதைத்தான் முதல்ல பாப்பேன்.

ரம்பம் பத்தி. நாங்க இழுக்குறது பெரும்பாலும் எழுபது எண்பது வருஷப் பழசு. புதுசு கிடைக்குது, ஆனா பழசு முதுகுப்பக்கம் மெல்லிசா, பல்லுப்பக்கம் தடிமனா இழைச்சது, அதனால வெட்டுக்குள்ள சிக்காது. பல்லு ரெண்டு வகை, ஒண்ணு நாரை அறுக்கும், இன்னொண்ணு அறுத்ததை வழிச்சு வெளிய தள்ளும். நல்லா தீட்டுன ரம்பம்னா தூளா கொட்டாது, சேமியா மாதிரி நீள நீளமா வரும். தீட்டத் தெரிஞ்ச ஆளுங்க இப்ப ரொம்பக் கம்மி, ஒரு ரம்பத்துக்கு ஒரு முழு நாள் உக்காருவாங்க. எங்க தாத்தா காலத்துல ஊர்ல மில் வர்றதுக்கு முன்னாடி ஒருத்தர் மேல ஒருத்தர் கீழ நின்னு பலகை அறுப்பாங்களாம், அவர் சொல்லுவாரு "இழு, தள்ளாதே, எதிராளி இழுப்பான்"னு. அதே வார்த்தைதான் இங்க முதல் நாள் சொல்லிக் கொடுத்தாங்க, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அறுக்குறதை விட யோசிக்கிறதுதான் நேரம் எடுக்கும். ரெண்டு பக்கமும் தாங்கி நடுவுல தொங்குற மரம்னா மேல் பக்கம் அமுங்கி இருக்கும், மேல இருந்து அறுத்தா பாதியில ரம்பத்தைக் கவ்விக்கும், ஆப்பு அடிச்சு வாயைத் திறந்து வச்சுக்கிட்டே அறுக்கணும். ஒரு முனை தொங்குனா நேர் எதிர். அடியில வளைஞ்சு மாட்டியிருக்குற இளங்கன்னு இருந்தா அதுதான் ஆளைக் கொல்லும், பாரம் விட்டதும் வில்லு மாதிரி அடிக்கும். வேரோட சாஞ்ச மரம்னா இன்னும் மோசம், தண்டை அறுத்ததும் வேர்க்கட்டி எந்திரிச்சு திரும்ப குழிக்குள்ள உக்காந்துரும், அந்தக் குழிக்குள்ள யாரும் நிக்கக்கூடாது. நடக்குறவங்களும் அதுல நிழலுக்கு உக்காராதீங்க.

இப்ப உங்க கேள்வி. காத்து எடுத்து மரம் விழ ஆரம்பிச்ச நிமிஷமே அங்க இருந்து கிளம்புறதுதான் எங்க குழுவுக்கும் விதி. நீங்க பண்ணது சரி.

---

டென்வர்தம்பி | ஜூலை 16, காலை 9:15

ரம்பக்காரன் அண்ணா எழுதினதுல ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஒத்துக்க முடியல. எங்க கொலராடோவுல வண்டு அரிச்சு ஸ்ப்ரூஸ் காடு முழுசா செத்து நிக்குது, வெமினூச் வில்டர்னஸ்ல கோடி கணக்குல மரம்னு கூட சொல்லலாம் போல, கண்ணுக்கு எட்டுன தூரம் சாம்பல் நிறம். 2019ல அங்கயும் சவுத் சான் வான் வில்டர்னஸ்லயும் கொஞ்ச காலத்துக்கு மட்டும் செயின்சா உபயோகிக்கலாம்னு ஃபாரஸ்ட் சர்வீஸ் அனுமதி கொடுத்துச்சு, சில அமைப்புங்க கோர்ட்டுக்குப் போனாங்க, அனுமதியைத் திரும்ப வாங்கிட்டாங்க. அதனால யாருக்கு லாபம்? பாதை மூடிக்கிட்டா ஜனங்க சுத்தி சுத்தி நடந்து புதுப் புதுப் பாதை போடுறாங்க, ஈர நிலம் மிதிபடுது, மண்ணு அரிக்குது. சத்தம் போடுற மெஷின் ரெண்டு கோடைக்கு வந்து தேங்குன வேலையை முடிச்சிட்டுப் போனா காட்டுக்குத்தான் நல்லது. அதுக்கப்புறம் ரம்பம் எடுங்க, நானும் வர்றேன்.

---

ரம்பக்காரன் | ஜூலை 16, மதியம் 12:30

தம்பி, நீங்க சொல்ற சேதம் உண்மை, நானும் பாத்திருக்கேன். ஆனா "ரெண்டு கோடையில முடிஞ்சிரும்"ங்கிறதுதான் தப்பு. மேல சொன்னேனே, இருபது வருஷம் விழும். தேங்குன வேலைன்னு ஒண்ணு இல்ல, அது ஓடிக்கிட்டே இருக்குற வேலை. ஒரு தடவை விட்டா அடுத்த தடவையும் அதே காரணம் இருக்கும். அப்புறம் ஒரு கணக்கு, முப்பது சென்டிமீட்டர் காஞ்ச லாட்ஜ்போலை பழகுன ரெண்டு பேரு அஞ்சு நிமிஷத்துல அறுத்துருவாங்க. நேரம் போறது நடந்து போய்ச் சேர, ஆபத்தைப் பாக்க, துண்டை உருட்டித் தள்ள. அதுக்கெல்லாம் செயின்சாலயும் அதே நேரம்தான். பத்தாததா இருக்குறது மெஷின் இல்ல, ஆளுங்கதான்.

---

டென்வர்தம்பி | ஜூலை 16, மதியம் 1:05

ஆள் பத்தலங்கிறதை ஒத்துக்கிறேன். மத்தது ஒத்துக்கல அண்ணா, பாதை முழுசா அழிஞ்சு போன அப்புறம் ஆள் வந்து என்ன பண்றது.

---

பாதசாரி | ஜூலை 16, இரவு 8:10

நான் பசிபிக் வடமேற்கு நெடும்பாதையில (பசிபிக் நார்த்வெஸ்ட் ட்ரெயில்) ஒரு பகுதி நடந்தவன் (1,200 மைல்ல என் பங்கு வெறும் 300), பசேட்டன் வழியாத்தான் அது போகுது. மரம் தாண்டுறதுல நான் கத்துக்கிட்டது கொஞ்சம், அடுத்து போறவங்களுக்காக.

மரத்து மேல ஏறி நிக்காதீங்க, முடிஞ்சா உக்காந்து காலைத் திருப்பி இறங்குங்க. பாரம் வைக்கிறதுக்கு முன்னாடி மரத்தோட ரெண்டு முனையும் எங்க இருக்குன்னு பாருங்க, ஒண்ணு அந்தரத்துல இருந்தா அது உருளும், சரிவுல கீழ்ப்பக்கமா நிக்கவே கூடாது. ட்ரெக்கிங் கம்பு வாரை மணிக்கட்டுல இருந்து கழட்டிருங்க, கம்பு சிக்கி ஆள் விழுறதைப் பாத்திருக்கேன். பேக் வெளிய தொங்குற பாய், செருப்பு, பாட்டில் எல்லாத்தையும் உள்ள தள்ளுங்க. தோல் கையுறை, தடிமனான முழு பேண்ட், வெயில் அடிச்சாலும் ஷார்ட்ஸ் வேணாம். மூணு பேரு இருந்தா ஒருத்தர் தாண்டி நின்னு பேக்கை வாங்கிக்கிறதுதான் வேகம், ஒவ்வொருத்தரா பேக்கோட மல்லுக்கட்டுறதை விட.

இதெல்லாம் விட முக்கியம் வழி. ஒரு குவியலைச் சுத்தி இருபது அடி போறோம், அங்க இன்னொரு குவியல், அதையும் சுத்துறோம், அஞ்சாவது சுத்துல ட்ரெயில் எங்கன்னே தெரியாது, எரிஞ்ச காட்டுல எல்லா திசையும் ஒரே மாதிரி. அப்ப நான் தரையைப் பாக்க மாட்டேன், பழைய ரம்ப வெட்டைத் தேடுவேன். போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம் யாரோ அறுத்த மரத்தோட தட்டையான முனை எங்கயாவது தெரியும், எதிர்ப்பக்கம் அதோட ஜோடி முனை, ரெண்டுக்கும் நடுவுலதான் பாதை. ஜிபிஎஸ் அம்பது அடி தள்ளிக் காட்டும், ரம்ப வெட்டு தள்ளிக் காட்டாது. ரம்பக்காரன் மாதிரி ஆளுங்களை நான் ஒரு தடவைகூட நேர்ல பாத்ததில்ல, ஆனா அவங்க அறுத்துப் போட்ட மரத்தைப் பிடிச்சுத்தான் மூணு நாள் நடந்தேன்.

---

உச்சிவெயில் | ஜூலை 17, காலை 7:30

வேற கருத்து சொல்றதுக்கு மன்னிக்கணும். நாலே கால் மைல் வந்துட்டீங்க, அந்த எரிஞ்ச பகுதி எங்கயாவது முடிஞ்சிருக்கும், மேல பச்சைக்காடு இருக்கு. இன்னும் ஒரு மணி நேரம் பாத்திருக்கலாம். நாலு நாள் சாப்பாடு கையில, தண்ணி பக்கத்துல. நான்னா திரும்பியிருக்க மாட்டேன்.

---

பைன்ஊசி | ஜூலை 17, இரவு 10:50

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஊசி போட்டாச்சு, காயம் ஆறிக்கிட்டு இருக்கு.

உச்சிவெயில், நீங்க சொன்னதைத்தான் அங்க நின்னப்ப நாங்களும் பேசினோம், அதனால மறைக்காம எழுதுறேன். வீட்டுக்காரர் போலாம்னாரு. நான் கணக்கைச் சொன்னேன். ஒரு மரத்துக்கு ரெண்டு நிமிஷம், ஏரிக்கு இன்னும் பத்து மைல் கிட்ட. பாதி தூரம் பச்சைக்காடா இருந்தாக்கூட இன்னும் முன்னூறு மரம், பத்து மணி நேரம். அது போறதுக்கு மட்டும், வர்றதுக்கு அதே அளவு. ஒவ்வொரு மரமும் தாண்டும்போது ஒரு தடவை ஒத்தக்கால்ல நிக்கிறோம், முன்னூறு தடவை ஒத்தக்கால்ல நின்னா ஒரு தடவை சறுக்கும், அது சறுக்குறது ரோட்டுல இருந்து எட்டு மைல் உள்ள, செல்போன் எடுக்காத இடத்துல, தூக்கிட்டு வரணும்னா அதே மரங்களைத் தாண்டித் தூக்கணும். கால் உடைஞ்ச ஒருத்தரை 187 மரத்துக்கு மேல எப்படித் தூக்குறதுன்னு ஒரே ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. அந்த எண்ணு இல்லாம இருந்திருந்தா நானும் "இன்னும் கொஞ்சம் பாப்போம்"னுதான் சொல்லியிருப்பேன். எண்ணியிருந்ததாலதான் பேச முடிஞ்சது.

ரம்பக்காரன் அண்ணா, அந்த எண்ணிக்கையை ரேஞ்சர் ஆபீஸுக்குச் சொன்னா உபயோகமா? ஜிபிஎஸ் தடமும் இருக்கு.

---

ரம்பக்காரன் | ஜூலை 18, காலை 6:20

தங்கம் மாதிரிங்க. "நிறைய மரம்"னு வர்ற ரிப்போர்ட்டை வச்சு எத்தனை பேரு, எத்தனை நாள்னு எங்களால முடிவு பண்ண முடியாது. எந்த இடத்துல இருந்து எந்த இடம் வரைக்கும், எத்தனை மரம், சராசரி தடிமன், பெருசு எவ்வளவு, குதிரை போகுமா போகாதா, இந்த அஞ்சும் இருந்தா போதும். குதிரைப் பாதைன்னா பொதுவா 8 அடி அகலம் 10 அடி உயரத்துக்குத் திறக்கணும், அதுக்குத் தனிக் கணக்கு. இன்னைக்கே அனுப்பிருங்க.

---

பைன்ஊசி | செப்டம்பர் 22, இரவு 8:15

இழையை மேல கொண்டு வர்றதுக்கு மன்னிக்கணும், ஆனா இதைச் சொல்லாம இருக்க முடியல.

போன வாரம் நாங்க மறுபடி அங்க போனோம், இந்தத் தடவை ஒரு தன்னார்வக் குழுவோட, எட்டு பேரு, அஞ்சு நாள். எனக்கும் வீட்டுக்காரருக்கும் ரம்பம் பிடிக்கிற சான்றிதழ் இல்ல, அதுக்கு முதலுதவிப் பயிற்சியும் களப் பயிற்சியும் முடிக்கணும். அதனால கிளை வெட்டுறது, பட்டை செதுக்குறது (பட்டையில மண்ணு ஒட்டியிருந்தா ரம்பப் பல்லு மழுங்கிடும்), அறுத்த துண்டைக் காலால மிதிச்சு உருட்டுறது, இதுதான் எங்க வேலை. மூணாவது நாள் சான்றிதழ் வச்சிருந்த ஒரு அம்மா, அறுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும், பக்கத்துலயே நின்னு என்னைக் கைப்பிடியைப் பிடிக்க வச்சாங்க. முதல் பத்து இழுப்பு நான் தள்ளிக்கிட்டே இருந்தேன், ரம்பம் நெளிஞ்சுது. அப்புறம் விட்டுட்டேன், அவங்க இழுக்க விட்டேன். அப்ப ஒரு சத்தம் வருது பாருங்க, பாட்டு மாதிரி, சேமியா மாதிரி உதிருதுன்னு அண்ணா சொன்னது அப்படியே.

ஜூலைல ஒரு மரம்கூட இல்லாம இருந்த முதல் ஒன்றரை மைல்ல இப்ப 14 மரம். ரெண்டு மாசத்துல. மொத்தம் 231 அறுத்தோம், ஃப்ரெண்டு தொடையைக் கிழிச்ச மரத்தையும் சேத்து. அந்தக் கிளை மொட்டை அப்படியேதான் இருந்துச்சு. நாங்க போன நாலே கால் மைலுக்கு மேல இன்னும் கால் மைல் வரைக்கும்தான் திறக்க முடிஞ்சது. அதுக்கு அந்தப்பக்கம் எட்டிப் பாத்தேன், குவியல் குவியலா போய்க்கிட்டே இருந்துச்சு.

டென்வர்தம்பி கேட்டதை அங்க சாயங்காலம் கேட்டேன், எட்டு பேர்ல மூணு பேரு அவர் பக்கம். எனக்கு இன்னும் முடிவா ஒண்ணும் தோணல.

---

கூடாரம் | செப்டம்பர் 22, இரவு 9:30

அடுத்த கோடைக்கு நானும் வரலாமாங்க? ரம்பம் தொட்டதே இல்ல, பேக்பேக்கிங் மட்டும் ரெண்டு தடவை போயிருக்கேன். என்ன கொண்டு வரணும்?

---

பைன்ஊசி | செப்டம்பர் 22, இரவு 9:52

தாராளமா வாங்க. ஹெல்மெட்டும் கருவியும் எங்க குழுவுல அவங்களே கொடுத்தாங்க. தோல் கையுறை நல்லதா ரெண்டு ஜோடி எடுத்துக்கோங்க, ஒரு ஜோடி மூணாவது நாளே கிழிஞ்சிரும். கிழிஞ்சாப் பரவால்லன்னு இருக்குற பேண்ட். மார்ச் வாக்குல பட்டியல் போடுவாங்க, சீக்கிரம் நிரம்பிரும், நான் இங்கயே லிங்க் போடுறேன்.